எல்லாம் அறிந்த ஊர்

எங்கள் சேலம், நாமக்கல் சீமையைப் பற்றி வெளியே ஒரு பேச்சு உண்டு. தறி, லாரி, கோழிப்பண்ணை, குச்சிக்கிழங்கு இவற்றைத் தாண்டி எதுவும் தெரியாத சனங்கள் என்பார்கள். ஆணாகப் பிறந்து பெண்ணாக உணரும் பிள்ளையைப் பற்றியோ, பெண்ணாகப் பிறந்து ஆணாக உணரும் பிள்ளையைப் பற்றியோ இவர்களுக்கு என்ன தெரியும்? தெரியாமல்தான் அடிக்கிறார்கள், தெரியாமல்தான் துரத்துகிறார்கள், பக்குவமாக எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்வார்கள் என்பது அந்தப் பேச்சு. நல்ல மனசோடு சொல்கிறவர்கள்தான். ஆனாலும் இது எங்கள் ஊருக்குச் செய்யும் அநியாயம். அறியாமை என்ற பழி எங்களுக்குக் கொஞ்சமும் பொருந்தாது. இந்த ஒரு விஷயத்தில் எங்களைப் போல விவரம் தெரிந்த சனங்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதற்கான சாட்சிகளை முன்வைத்து எங்கள் சீமையின் பெயரைக் காப்பாற்றுவது இங்கே பிறந்தவர்களின் கடமை.

திருச்செங்கோட்டு மலையிலிருந்து தொடங்குகிறேன். சுமார் 1,200 படி ஏறினால் மேற்கு பார்த்த கருவறையில் மாதொருபாகர் நிற்கிறார். மற்ற சிவன் கோயில்களில் அர்த்தநாரி வடிவத்தைச் சுவரிலும் தூணிலும் பார்த்திருப்பீர்கள். இங்கே மூலவரே அவர்தான். ஒரே திருமேனி, பாதி ஆண், பாதி பெண். வலது கையில் தண்டம், இடது கை இடுப்பில். அலங்காரம் செய்கிற அர்ச்சகர் வலப்பக்கத்துக்கு வேட்டியும் இடப்பக்கத்துக்குச் சேலையும் உடுத்துகிறார். வேட்டியின் மடிப்பு வேறு, சேலையின் கொசுவம் வேறு. இரண்டும் நடு இடுப்பில் சந்திக்கிற இடத்தில் துணி பிசகாமல், ஒன்று இன்னொன்றின்மேல் ஏறாமல் நிறுத்துவது லேசான காரியமல்ல. அந்த வேலையைத் தலைமுறை தலைமுறையாகக் கற்றுக்கொடுத்து வருகிற ஊர் எங்களுடையது. ஒரே உடம்பில் வேட்டியும் சேலையும் எப்படிப் பொருந்தும் என்று எங்களுக்கு யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை.

அந்தச் சுவாமியின் காலடியில் பிருங்கி முனிவர் இருக்கிறார். அவர் கதையை எங்கள் பக்கத்துப் பாட்டிகள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். சிவனை மட்டும்தான் கும்பிடுவேன், அம்மனைக் கும்பிட மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தவர் அவர். இருவரும் சேர்ந்து உட்கார்ந்தால் வண்டு உருவெடுத்து நடுவில் புகுந்து சிவனை மட்டும் சுற்றிவருவார். அம்மன் கோபப்பட்டு, பெண்ணிடமிருந்து வருகிற சதையையும் ரத்தத்தையும் அவர் உடம்பிலிருந்து எடுத்துக்கொண்டாள். எலும்பும் தோலுமாக நிற்கக்கூட முடியாமல் போனார் முனிவர். அதற்குப் பிறகுதான் இருவரும் ஒரே உடம்பானார்கள் என்பது தலபுராணம். ஒரு பாதியை ஏற்பேன், மறுபாதியை ஏற்கமாட்டேன் என்று சொல்கிறவனுக்கு என்ன ஆகும் என்பதை மூலவரின் பாதத்திலேயே வைத்துக் காட்டிய கோயில் இது. திருஞானசம்பந்தர் கொடிமாடச் செங்குன்றூர் என்று இந்த மலையைப் பாடி ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது. அவ்வளவு காலமும் இந்தப் பாடம் எங்கள் கண்முன்னால் இருந்திருக்கிறது. படியேறுகிற வழியில் அறுபதாம் படி இருக்கிறது. அங்கே நின்று பொய்ச் சத்தியம் செய்தால் குடும்பம் விளங்காது என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. அந்தப் படியில் நின்று யாராவது, எங்கள் ஊருக்கு இதெல்லாம் தெரியாது என்று சத்தியம் செய்ய முடியுமா?

படித்தவர்களும் எங்களிடம் குறைவில்லை. தமிழாசிரியர்கள் நிறைந்த சீமை இது. ஆண்மை திரிந்து பெண்மை கொண்டவர்களை எப்படிக் குறிப்பது என்று தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் தொடக்கத்திலேயே விதி சொல்லிவிட்டார் என்பதும், அவர்களை உயர்திணையில் வைத்துச் சொன்னார் என்பதும் இலக்கணம் படித்த யாருக்கும் தெரியும். மாதவி ஆடிய பதினோரு ஆடல்களில் காமன் ஆடிய பேடிக்கூத்தும் ஒன்று என்பதைச் சிலப்பதிகாரம் நடத்துகிற ஆசிரியர் சொல்லாமல் விடமாட்டார். உயர்திணை என்றால் மனிதர். இவ்வளவு பழைய சான்று இருக்கிற மொழியில் அதைப் படித்துத் தேர்வெழுதி வேலைக்கும் வந்த ஊர் எங்களுடையது.

கூத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அதில்தான் எங்கள் சனங்களின் தேர்ச்சி முழுசாகத் தெரியும்.

மாரியம்மன் நோம்பி, காளியம்மன் நோம்பி, திரௌபதியம்மன் நோம்பி என்று ஊருக்கு ஊர் சாட்டிவிட்டால் ராத்திரி முழுக்கக் கூத்து நடக்கும். மேட்டூர்ப் பக்கம் ஏர்வாடியில் மு. ஹரிகிருஷ்ணன் மணல்வீடு என்ற சிற்றிதழையும் களரி என்ற கூத்துப் பயிற்சியையும் கைக்காசைப் போட்டு நடத்திவருகிறார். இந்தக் கலைஞர்களின் பெயரும் கதையும் அச்சில் ஏறியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. எங்கள் பக்கத்துக் கூத்தில் பெண்வேசம் கட்டுகிறவர்கள் வழிவழியாக ஆண்கள். பொழுது சாய்ந்ததும் கோயில் பக்கத்துத் திண்ணையிலோ பள்ளிக்கூட வராந்தாவிலோ தகரப்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவார்கள். கைக்கண்ணாடியைத் தொடைமேல் சாய்த்து வைத்து, எண்ணெயில் குழைத்த அரிதாரத்தை நெற்றியிலிருந்து கழுத்துவரை இழுத்துப் பூச வேண்டும். அது காய்ந்த பிறகு புருவம் எழுதுவது, கண்ணுக்கு மை, உதட்டுக்குச் சாயம். சவுரி வைத்துப் பின்னல் போட்டு, பூச்சரம் சுற்றி, ரவிக்கைக்குள் துணி வைத்து, சேலையைக் கொசுவி, ஆடும்போது கால் தடுக்காத அளவுக்குத் தூக்கிச் செருகி, கடைசியில் சலங்கை. இரண்டு மணி நேரம் பிடிக்கிற வேலை. பகலில் தறியோட்டியோ கூலிக்கு மண் வெட்டியோ பிழைத்த ஆள், அந்தப் பெட்டியை மூடும்போது வேறொருவராக எழுந்திருப்பார்.

சபையில் அந்தத் திரௌபதி வந்து நின்றால் எங்கள் பெண்கள் எழுந்து கும்பிடுகிறார்கள். துகிலுரிகிற கட்டத்தில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். அவர் ஆண் என்பது அவர்களுக்குத் தெரியாதா? பக்கத்து ஊர்க்காரர், மாமன் மச்சான் முறைகூட ஆகும். தெரிந்தும் அம்மா என்று கும்பிடுகிறார்கள். விராட பருவத்தில் அர்ச்சுனன் பேடியாகி, பிருகன்னளை என்ற பெயரோடு உத்தரைக்கு நாட்டியம் சொல்லிக்கொடுக்கிற கதையை விடிய விடிய உட்கார்ந்து பார்க்கிறார்கள். வில்லுக்கு விஜயன் என்று பேர்பெற்ற வீரன் சேலை கட்டி ஒரு வருசம் வாழ்ந்தான், அவனுடைய வீரம் அதனால் ஒரு தூசுகூடக் குறையவில்லை என்ற செய்தி எங்கள் ஊர்க் குழந்தைகளுக்கு மடியில் படுத்துக் கேட்ட செய்தி. ஒரு மனிதரின் உடம்பு ஒன்றாகவும் அவர் தோன்றுகிற கோலம் வேறொன்றாகவும் இருக்கும்போது, கோலத்தை நம்பி, அதற்கு உரிய மரியாதையைக் கொடுக்கிற பண்பு எங்கள் சனங்களிடம் இருக்கிறது. உலகத்தில் பல பேர் போராடிக் கற்றுக்கொள்கிற பண்பு அது.

இந்தப் பண்பை மிக நெருக்கமாக அறிந்து எழுதியவர் எங்கள் நாமக்கல் மண்ணில் பிறந்த அ. ரேவதி. நாமக்கல் பக்கத்துக் கிராமம் ஒன்றில் மூன்று அண்ணன்களுக்கும் ஒரு அக்காவுக்கும் பிறகு கடைக்குட்டியாகப் பிறந்தவர். அம்மாவோடு வாசல் கூட்டிக் கோலம் போட்டும், பெண்பிள்ளைகளோடு விளையாடியும் வளர்ந்தவர். ஊர் மாரியம்மன் நோம்பிக்கு ஆளாளுக்கு வேசம் கட்டி ஊர்வலம் போகிற வழக்கப்படி அவரும் ஒருமுறை பெண்வேசம் கட்டினார். ஊர் பார்த்து மெச்சியது. அச்சு அசல் பொண்ணு மாதிரியே இருக்குது என்று சொல்லிச் சொல்லி மகிழ்ந்தது. அன்றைக்குத் தன் மனசுக்குள் என்ன நடந்தது என்பதை அவர் எழுதியிருக்கிறார். சேலையில் இருந்தபோது தான் தானாக இருந்ததாகவும், அதைக் களைந்து மறுபடி ஆணுடைக்குத் திரும்பியபோதுதான் வேசம் போட்டதாக உணர்ந்ததாகவும் சொல்கிறார். ஒரு ஊருக்குக் கிடைத்த பெரிய பாராட்டாக இதை நான் எடுத்துக்கொள்கிறேன். அந்தக் குழந்தை யார் என்பதைப் பெற்றவர்களுக்கும் முன்னால், மருத்துவருக்கும் சட்டத்துக்கும் முன்னால் கண்டுபிடித்துச் சொன்னது ஊர்தான். அன்று ராத்திரி ஊர் சொன்னது அத்தனையும் உண்மை.

மறுநாளும் அந்த உண்மை உண்மையாகத்தான் இருந்தது. பள்ளிக்கூடத்திலும் தெருவிலும் அதே ஊர் அதே நடையைப் பார்த்தது, அதே குரலைக் கேட்டது, அடையாளம் தப்பவேயில்லை. நோம்பியன்று ஆசையாய்ச் சொன்னதை மற்ற நாட்களில் ஏச்சாகச் சொன்னது. நாமக்கல் மலைக்கோட்டையில் தன்னைப் போன்றவர்களை முதன்முதலாகக் கண்டதையும், அவர்கள் ஒருவரையொருவர் பெண்பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஆடிப்பாடியதையும் ரேவதி எழுதுகிறார். ஆஞ்சநேயரைப் பார்க்கப் போகிற எல்லாரும் நிமிர்ந்து பார்க்கிற கோட்டை அது. பிறகு வீட்டைவிட்டு டெல்லிக்குப் போனார். திரும்பி வந்தபோது வீட்டில் கிரிக்கெட் மட்டையால் அடித்தார்கள். வளர்த்திருந்த முடியை மொட்டையடித்தார்கள். முடியை எதற்காக எடுத்தார்கள்? அவரை அந்தக் கோலத்தில் ஊர் அடையாளம் கண்டுகொள்ளும் என்பதால்தான். அறியாத ஊராக இருந்தால் முடி நீளமாக இருந்தாலும் ஒன்றும் புரிந்திருக்காது. எங்கள் ஊரின் அறிவை முழுசாக நம்பித்தான் அந்தச் சவரக்கத்தி எடுக்கப்பட்டது.

எங்கள் சீமை தாராளமானது. எங்களிடம் விளைகிறதை நாங்களே வைத்துக்கொள்வதில்லை. நாமக்கல் முட்டையும் சேலத்து ஜவ்வரிசியும் எத்தனையோ மாநிலங்களுக்குப் போகின்றன. திருச்செங்கோட்டு ரிக் வண்டி போய் ஆழ்துளைக் கிணறு போடாத மாநிலம் இந்தியாவில் குறைவு. அதே தாராளத்தோடு ரேவதியையும் நாங்கள் டெல்லிக்கும் மும்பைக்கும் கொடுத்தோம், பிறகு பெங்களூருக்குக் கொடுத்தோம். பெங்களூரு வாங்கிக்கொண்டது. அங்கே பாலினச் சிறுபான்மையினருக்காக இயங்கிய சங்கமா அமைப்பில் சேர்ந்து, பின்னாளில் அதன் இயக்குநராகவும் ஆனார். தமிழ்நாட்டுத் திருநங்கைகளைச் சந்தித்து அவர்கள் வாய்மொழியைத் திரட்டி 2004இல் உணர்வும் உருவமும் என்ற நூலைக் கொண்டுவந்தார். திருநங்கைகளின் வாழ்க்கையைத் திருநங்கை ஒருவரே தொகுத்துத் தமிழில் தந்த முன்னோடி நூல். அதற்கு முன்னால் சு. சமுத்திரத்தின் வாடாமல்லி 1994இல் வந்திருந்தது, வெளியிலிருந்து அக்கறையோடு எழுதிய நாவல். ரேவதிக்குப் பிறகு லிவிங் ஸ்மைல் வித்யாவின் நான் வித்யா வந்தது, பிரியா பாபுவின் மூன்றாம் பாலின் முகம் வந்தது, கல்கி சுப்ரமணியத்தின் கவிதைகள் வந்தன. ஒரு வரிசையே உருவானது. அந்த வரிசையின் முன்னால் நிற்பவர் எங்கள் நாமக்கல்காரர்.

அவருடைய தன்வரலாறு முதலில் வ. கீதாவின் மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்தில் 2010இல் பெங்குவின் வெளியீடாக வந்தது. தமிழில் வெள்ளை மொழி என்ற பெயரில் அடையாளம் பதிப்பகம் 2011இல் வெளியிட்டது. தாய்மொழியில் எழுதிய வாழ்க்கைக் கதை, ஊர் உலகம் சுற்றிவிட்டுத் தாய்மொழிக்கு வந்தது. அ. மங்கையின் இயக்கத்தில் அதை ரேவதியே தனிநபர் நாடகமாக மேடையில் நிகழ்த்தினார். சிறுவயதில் நோம்பிக்குக் கட்டிய கோலத்தை, இந்த முறை களைய வேண்டிய அவசியமில்லாமல். 2019இல் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் பட்லர் நூலகத்து முகப்பில் ஒரு பதாகை தொங்கியது. அந்தக் கட்டடத்தின் நெற்றியில் ஹோமர், பிளேட்டோ, அரிஸ்டாட்டில் என்று ஆண்களின் பெயர்கள் மட்டுமே கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. அதற்கு மேலே பெண் எழுத்தாளர்கள் எட்டுப் பேரின் பெயர்களை எழுதித் தொங்கவிட்டார்கள். டோனி மாரிசன், மாயா ஏஞ்சலோ, அமெரிக்கப் பூர்வகுடி எழுத்தாளர் லெஸ்லி மார்மன் சில்கோ, இவர்களோடு அ. ரேவதி. பெண் என்று எழுதிய பட்டியல் அது. கொலம்பியாவுக்கு அவர் எழுத்தைப் படித்த பிறகு தெரிந்த விஷயம், எங்கள் ஊருக்கு மாரியம்மன் நோம்பி அன்றே தெரிந்திருந்தது. அந்த வகையில் நாங்கள் கொலம்பியாவுக்குப் பல பத்தாண்டுகள் முந்தியவர்கள்.

பூர்வகுடி என்றதும் சொல்லத் தோன்றுகிறது. வட அமெரிக்கப் பூர்வகுடிகள் பலரிடமும் ஆண், பெண் இரண்டு உயிரும் ஒரே உடலில் இருப்பவர்களுக்கு மரியாதையான இடம் இருந்தது. குடியேறிய வெள்ளையர்கள் அந்தக் குடிகளின் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து உறைவிடப் பள்ளிகளில் அடைத்தபோது மொழியோடும் சடங்கோடும் சேர்த்து அதையும் அடித்து மறக்கச் செய்தார்கள். 1990இல் கனடாவின் வின்னிபெக் நகரில் கூடி, தங்களுக்கென்று இரட்டை ஆன்மா என்ற பொருளில் ஒரு பொதுப்பெயரைப் பூர்வகுடிகள் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. இழந்ததை எழுத்திலும் ஓவியத்திலும் நாடகத்திலும் ஒட்டுப்போட்டு மீட்டுக்கொண்டிருக்கிறார்கள். எங்களுக்கு அந்தக் கதி வரவில்லை. வெள்ளைக்காரன் 1860இல் 377ஆம் பிரிவைக் கொண்டுவந்து, அது 2018 செப்டம்பர் 6 வரை வயதுவந்த இருவரின் அன்பைக் குற்றமாக்கி வைத்திருந்தது உண்மை. ஆனால் அவன் மலைமேலிருந்த சுவாமியைத் தொடவில்லை. கூத்துப் பெட்டியைப் பூட்டவில்லை. தொல்காப்பியச் சுவடியை எரிக்கவில்லை. எங்களிடம் எல்லாம் பத்திரமாக இருக்கிறது. இழந்தவர்களுக்குச் சொல்ல ஒரு காரணம் உண்டு. எங்களுக்கு அந்தக் காரணமும் தேவைப்படாத அளவுக்குச் செல்வம் அப்படியே இருக்கிறது.

எங்கள் வியாபாரிகளையும் குறைசொல்ல முடியாது. புதுக்கடை திறந்தால் திருநங்கை வந்து சூடம் சுற்றித் திருஷ்டி கழித்து வாழ்த்த வேண்டும் என்று காத்திருக்கிறார்கள். லாரி முதல் லோடு ஏற்றிக் கிளம்பும்போது எதிரே வந்து அவர்கள் தலையில் கைவைத்தால் தடங்கல் வராது என்று நம்புகிற டிரைவர்கள் இருக்கிறார்கள். அந்த வாக்குப் பலிக்கும் என்று எண்ணிக் காசு கொடுப்பவர்கள் வெறும் மூடர்களா? எதிரில் நிற்பவரிடம் தெய்வத்தன்மை இருக்கிறது என்று மனதார ஒப்புக்கொண்டவர்கள். அதே கையால் அந்தத் திருநங்கைக்குக் கடையில் ஒரு வேலையோ, மாடியில் ஒரு வாடகை அறையோ கொடுத்தால் வாக்கின் பலன் குறைந்துவிடும் என்று எந்தச் சாத்திரத்திலும் எழுதியிருக்கவில்லை.

இப்போது பெருமாள்முருகன் விஷயத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லித்தான் எங்களை அதிகம் ஏசுகிறார்கள்.

திருச்செங்கோட்டுக்காரர், நாமக்கல் அரசுக் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவர். அவருடைய மாதொருபாகன் காலச்சுவடு வெளியீடாக 2010இல் வந்தது. மலைமேல் நிற்கிற சுவாமியின் பெயரையே தலைப்பாக வைத்த நாவல். பிள்ளையில்லாத காளியும் பொன்னாவும் ஊரிடம் படுகிற பாடு அதில் இருக்கிறது. தேர்நோம்பியின் ஒருநாள் கூட்டத்தில் யாரோடும் கூடலாம், பிறக்கிற பிள்ளை சாமி கொடுத்த பிள்ளை என்ற பழைய வழக்கம் இருந்ததாகக் கதை சொல்கிறது. நாலு வருசம் புத்தகம் கடைகளில் இருந்தது. அனிருத்தன் வாசுதேவன் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அவரே நடனக் கலைஞர், சென்னைத் திருநங்கையரின் வழிபாட்டையும் வாழ்வையும் ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றவர். மாதொருபாகனை மொழிபெயர்க்க இவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்குமா என்று தெரியவில்லை.

2014 டிசம்பரில் இந்து அமைப்புகளும் சாதிச் சங்கங்களும் கிளம்பின. நாவலின் சில பக்கங்களை மட்டும் நகலெடுத்து ஊருக்குள் கொடுத்தார்கள். புத்தகத்தை எரித்தார்கள். 2015 ஜனவரி 9 அன்று திருச்செங்கோட்டில் கடையடைப்பு. 12ஆம் தேதி நாமக்கல் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் வருவாய் அலுவலர் முன்னிலையில் பேச்சுவார்த்தை, நிபந்தனையற்ற மன்னிப்பு, சர்ச்சைக்குரிய பகுதிகளை நீக்க ஒப்புதல், விற்காத படிகளைத் திரும்பப் பெற ஒப்புதல். அடுத்து, எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரே உலகத்துக்கு அறிவித்தார். குடும்பத்தோடு சென்னைக்கு இடம் மாற வேண்டியிருந்தது.

ஒரு நாவலுக்காக ஒரு ஊர் முழுக்கக் கடையடைத்தது என்பதை எனக்குத் தெரிந்து வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. முந்நூறு படி, ஐந்நூறு படி விற்றாலே பெரிது என்று கிடந்த தமிழ் நாவலுக்கு ஒரு நாள் வியாபாரத்தையே விட்டுக்கொடுத்த ஊர் எங்களுடையது. எழுத்தின் வலிமையை நம்புவதில் எங்களை மிஞ்ச ஆளில்லை. அந்தக் கடையடைப்புக்குப் பின்னால் இருந்தது அறியாமை என்று சொல்கிறவர்களுக்கு நாவலைப் படித்துப் பார்க்கச் சொல்கிறேன். காளியை ஊர் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: நீயெல்லாம் ஆம்பளையா? பிள்ளை பெறாததால் காளியைக் கேட்ட அந்தக் கேள்வியைத்தான் சேலை கட்டியதால் ரேவதியையும் கேட்டார்கள். பொன்னாவை வறடி என்று விசேச வீட்டில் ஒதுக்கிய அதே வாய்கள்தான், ஆண்பிள்ளை கோலம் போட்டால் கேலிசெய்கிற வாய்கள். ஆண் என்றால் இன்னது செய்ய வேண்டும், பெண் என்றால் இன்னது பெற வேண்டும் என்று உடம்புக்குக் கணக்கு எழுதுகிற ஊரைப் பெருமாள்முருகன் அப்படியே எழுதிவிட்டார். எங்கள் ஊர் அதில் தன் முகத்தைச் சரியாக அடையாளம் கண்டது. வேறு யாரையோ எழுதியிருக்கிறார் என்று நினைத்திருந்தால் கோபம் வந்திருக்காது. இவ்வளவு கூர்மையான வாசகர்கள் எந்த எழுத்தாளருக்கும் எளிதில் வாய்க்க மாட்டார்கள். அந்த வாசகர்கள் கையில்தான் அவர் செத்தேன் என்று எழுதினார்.

2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல், நீதிபதி புஷ்பா சத்தியநாராயணா அமர்வு, நாமக்கல்லில் எழுதி வாங்கிய ஒப்பந்தம் அவரைக் கட்டுப்படுத்தாது என்றும், அவர் மறுபடி எழுத வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. கோழையின் பாடல்கள் என்ற கவிதைத் தொகுப்போடு அவர் திரும்பி வந்தார். பிறகு சேலம் மாவட்டத்து ஆத்தூர் அரசுக் கல்லூரிக்கே முதல்வராகவும் வந்தார். அவருடைய பூக்குழி நாவலின் ஆங்கில வடிவம் 2023இல் சர்வதேச புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் இடம்பெற்றது. சாதியும் சாவும் பற்றிய அந்தக் கதைக்கும் நிலம் எங்கள் நிலம்தான்.

இதே இரண்டு நீதிபதிகள் அதற்கு எட்டு மாதம் முன்னால், 2015 நவம்பரில், இன்னொரு சேலத்துக்காரருக்கும் நீதி சொல்லியிருந்தார்கள். சேலத்தைச் சேர்ந்த பிரித்திகா யாஷினி காவல் உதவி ஆய்வாளர் வேலைக்கு விண்ணப்பித்தபோது, அந்தப் படிவத்தில் ஆண், பெண் என்ற இரண்டு கட்டம்தான் இருந்தது. ஒவ்வொரு கட்டத் தேர்வுக்கும் நீதிமன்றம் போய்த்தான் அவர் உள்ளே நுழைய முடிந்தது. 2017இல் பணியில் சேர்ந்து, திருநங்கையரில் நாட்டின் முதல் உதவி ஆய்வாளர் என்ற பெயரைப் பெற்றார். எங்கள் பக்கம் இப்போது அவரைப் பெருமையாகச் சொல்கிறார்கள், நம்ம சேலத்துப் பொண்ணு என்கிறார்கள். அந்தப் பெருமையில் எனக்கும் பங்கு உண்டு. பொண்ணு என்ற சொல் எங்கள் வாயில் தயங்காமல் வருகிறது என்பதைக் கவனியுங்கள். தோளில் நட்சத்திரம் ஏறியதும் வந்த சொல், ஏறுவதற்கு முன்னாலும் எங்களுக்குத் தெரிந்த சொல்தான்.

சட்டமும் அரசும் தங்கள் பங்கைச் செய்திருக்கின்றன. 2008இல் தமிழ்நாடு அரசு திருநங்கைகளுக்கு நல வாரியம் அமைத்தது, இந்தியாவில் முதலாவது. 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் தன் பாலினத்தைத் தானே சொல்லிக்கொள்ளும் உரிமையை ஏற்றது. இவற்றைத் தமிழ்த்துறை மாணவர்கள் விளிம்புநிலை இலக்கியத் தாளில் பக்கம் பக்கமாக எழுதி மதிப்பெண் வாங்குகிறார்கள். இதையும் பெருமையாகவே சொல்கிறேன். அதே மாணவர்களில் யாராவது ஒருவர் அந்தத் தாளில் வருகிறவராகவே இருக்கிறார் என்பதும், விடைத்தாளில் எழுதியதை வீட்டில் வாய்திறந்து சொல்ல முடியாமல் இருக்கிறார் என்பதும் அவரோடு ஒரே பெஞ்சில் உட்காருகிறவர்களுக்குத் தெரியும். அந்தத் தெரிதலிலும் எங்கள் பிள்ளைகள் சோடை போகவில்லை.

ஆகவே வெளியூரிலிருந்து எங்களுக்குப் பாடம் நடத்த வருகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். எங்களுக்குத் தெரியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒரு தாய், ஐந்து வயதில் தாவணியை இழுத்துச் சுற்றிக்கொள்கிற தன் பிள்ளை யார் என்பதை அறிவாள். அப்பனும் அறிவான். அண்ணன்மார் அறிவார்கள், மட்டையை ஓங்கும்போதும் அறிவார்கள். எங்களிடம் இல்லாதது அறிவு அல்ல.

எங்கள் ஊர்க்காரர்களிடம் கேட்க வேண்டியதைத் தனியாகக் கேட்கிறேன். சேலத்திலும் நாமக்கல்லிலும் நடக்கிற புத்தகத் திருவிழாக்களில் வெள்ளை மொழியை முன்வரிசையில் வையுங்கள், இவர் நம்ம ஊர்க்காரர் என்று ஆசிரியர் பெயருக்குக் கீழே எழுதி வையுங்கள். நாமக்கல் மாவட்டத்துக் கிளை நூலகம் ஒவ்வொன்றிலும் அந்தப் புத்தகம் இருக்க வேண்டும், பூட்டிய பீரோவில் அல்ல, பிள்ளைகள் எடுக்கிற உயரத்தில். ரேவதியின் தனிநபர் நாடகத்தை நாமக்கல் கோட்டைக்குக் கீழே ஊர்நடுவில் ஒரு ராத்திரி நடத்துங்கள், கூத்துக்கு உட்காருவது போலப் பாய் விரித்து உட்காருங்கள். கூத்துச் சபைக்காரர்கள் பெண்வேசத்துக்கு ஆள் எடுக்கும்போது, தெருவில் கைதட்டிப் பிழைக்கிற திருநங்கை ஒருவர் வந்து சலங்கை கேட்டால், சம்பளம் பேசிக் கட்டிவிடுங்கள். அடுத்த மாரியம்மன் நோம்பிக்கு வேசம் கட்டுகிற சிறுவர்களில் ஒருவர் மறுநாள் அதைக் களைய மறுத்தால், முந்தின நாள் ராத்திரி அவரைப் பார்த்து என்ன சொல்லி மெச்சினீர்களோ, மறுநாள் காலையிலும் அதையே சொல்லுங்கள்.